புதிதாக ஓட்டிப் பழகுபவருக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

பர்மாவில், ரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அதனால் அங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்கு இருபது வயதாகியும் வண்டியைத் தொட்ட பழக்கம் இருக்காது. பெகு, தட்டோன், மோல்மீன், ஜியாவாடி பக்கம் நிலைமை வேறு. வண்டி இல்லாமல் கடைக்கும் போக முடியாது, கோயில் திருவிழாவுக்கும் போக முடியாது. இந்த இரண்டு வகையினருக்கும், முதல் வண்டி வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும் கட்டுரை இது.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை சிசி?" பழகும் வண்டிக்கு அது நாலாவது கேள்வி. முதலில் எடை. அடுத்து, உட்கார்ந்தால் கால் தரையில் படுகிறதா என்பது. அதற்கும் அடுத்து, கிளட்ச்சை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வண்டியா, உங்கள் இடது கையா என்பது. இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்துவிட்டால், 110 சிசியா 125 சிசியா என்பது பெரிய விஷயமே இல்லை.

எடையும் உயரமும்

நம் ஊரில் அதிகம் ஓடும் தாய்லாந்து ஹோண்டா வேவ் 110 ஏறத்தாழ 100 கிலோவுக்குள், அதாவது பர்மிய எடைக் கணக்கில் 60 விஸ் சுற்றி. வேவ் 125 இன்னும் நாலைந்து கிலோ கூடுதல். ஹோண்டா கிளிக் 125 ஸ்கூட்டர் 110 கிலோவைத் தாண்டும். கை கிளட்ச் வைத்த 125 சிசி வண்டிகள் 110 முதல் 130 கிலோ. 150 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டிகள் 135, 140 என்று போகும்.

ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தெரிவது நிற்கும்போது. பழகுகிறவர் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. திருப்பும்போது, நிறுத்தும்போது, ஸ்டாண்டில் போடும்போது, நடை வேகத்தில்தான் விழும். கணக்கு எளிது. வண்டியின் எடை மையம் கைப்பிடி உயரத்தில் ஏறத்தாழப் பாதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ வண்டி 10 பாகை சாய்ந்தால், அதைக் கைப்பிடியில் தாங்க 9 கிலோ அளவு பலம் போதும். 30 பாகை சாய்ந்துவிட்டால் 25 கிலோ வேண்டும். அதே இடத்தில் 140 கிலோ வண்டிக்கு 35 கிலோ. 25 கிலோவை ஒரு கையால் ஒரு நொடி தாங்குகிறவர்கள் உண்டு. 35 கிலோவுக்கு அநேகமாக விட்டுவிடுவார்கள். சாய ஆரம்பித்தவுடனே நிமிர்த்த வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். 20 பாகையைத் தாண்டிப் போய்விட்டால் வண்டியைப் பிடித்து இழுக்காமல், காலை விலக்கிக்கொண்டு மெதுவாகப் படுக்க விடுவது நல்லது. முதுகு பிசகுவதைவிட இண்டிகேட்டர் உடைவது மலிவு.

சீட் உயரத்துக்குக் காகிதத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வேவ் சீட் 76 சென்டிமீட்டர் அளவு, கிளிக் சீட் 77 அளவு. எண்ணில் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஸ்கூட்டர் சீட்டும் கால் வைக்கும் தளமும் அகலம். தொடை விரிந்துபோவதால் குட்டையானவருக்குக் கால் எட்டாது. கடையில் உட்கார்ந்து பாருங்கள், செருப்போடு. இரண்டு காலின் முன்பாதமும் ஒரே நேரத்தில் தரையில் அழுந்தினால் போதும், குதிகால் பட வேண்டும் என்ற அவசியமில்லை. ஒரு கால் மட்டும்தான் எட்டுகிறது என்றால் அது பழகும் வண்டி அல்ல.

லுங்கி, சேலை, தமேன் (பர்மியப் பெண்கள் கட்டும் கைலி) கட்டுகிறவர்களுக்கு நடுவில் டாங்க் இல்லாத, காலை உள்ளே நுழைத்து ஏறும் வேவ் வகையும் ஸ்கூட்டரும்தான் வசதி. டாங்க் உள்ள வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். ஏறி இறங்கும் அந்த நொடியில்தான் வண்டி சாயும்.

மூன்று வகை கிளட்ச்

எஞ்சினும் சக்கரமும் சேர்வதும் பிரிவதும் கிளட்ச் வழியாகத்தான். பழகுகிறவருக்கு வரும் திணறலில் பாதி இங்கேதான் இருக்கிறது.

வேவ் வகையில் இடது கைக்கு லீவரே இல்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கிளட்ச் கட்டைகள் சுருங்கிக் கிடக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் வேகத்தில் அவை வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கும், வண்டி நகரும். விட்டால் மறுபடி சுருங்கும். ஆகவே கியரில் நின்றாலும் எஞ்சின் அணையாது. இந்த அமைப்பைப் பரவலாக்கியது 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப். 2017-இல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. இன்று நம் தெருவில் ஓடும் தாய்லாந்து வண்டியும், அதைப் பார்த்துச் செய்த சீன வண்டியும் அதன் வழி வந்தவைதான்.

கியர் மட்டும் காலில் இருக்கும். முன்பக்கம் விரலால் அழுத்தினால் ஏறும், பின்பக்கம் குதிகாலால் அழுத்தினால் இறங்கும். பெடல் அழுத்தத்தின் முதல் பாதி கிளட்ச்சைப் பிரிக்கிறது, மீதிப் பாதி கியரை மாற்றுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் குலுக்கல் ஏன் வருகிறது என்பது விளங்கிவிடும். ஆக்சிலேட்டரை மூடாமல் பெடலை அழுத்தினால், கிளட்ச் பிரிந்த நேரத்தில் எஞ்சின் வெறுமனே சீறும். காலை எடுத்ததும் அந்தச் சீற்றம் மொத்தமும் சக்கரத்துக்குப் போய் வண்டி தாவும். வரிசை இதுதான்: மூடு, அழுத்து, காலை மெதுவாக விடு, திற. இறக்கும்போது காலை இன்னும் மெதுவாக விட வேண்டும். குதிகாலைச் சட்டென்று எடுத்தால் பின்சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடிக்கும். மழை ரோட்டில் அதுவே வழுக்கிவிடும்.

சீன வண்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வண்டிகளில் கியர் வட்டமாகச் சுற்றும்: நியூட்ரல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, மறுபடி நியூட்ரல். ஹோண்டாவில் வண்டி நின்றிருந்தால்தான் நாலிலிருந்து நியூட்ரலுக்குப் போகும், ஓடும்போது பூட்டிக்கொள்ளும். சில மலிவு வண்டிகளில் அந்தப் பூட்டு இல்லை. நாலாவது கியரில் போய்க்கொண்டிருப்பவர், இன்னும் ஒரு கியர் இருக்கிறது என்று நினைத்து அழுத்துவார், நியூட்ரல் விழும். எஞ்சின் சத்தம் மாறுவதைக் கேட்டுத் திரும்பவும் அழுத்துவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியர் விழுந்தால் பின்சக்கரம் நின்றுபோகும். வாங்கும்போதே நடு ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தை எஞ்சினில் சுற்றவிட்டு, நாலுக்கு மேல் அழுத்திப் பாருங்கள். போகிறது என்றால் அந்த வண்டியைப் பழகுபவர் கையில் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஸ்கூட்டர். கியரே கிடையாது, பெல்ட் தானாக விகிதத்தை மாற்றிக்கொள்ளும். முறுக்கினால் போகும், பிரேக் பிடித்தால் நிற்கும். ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடலாம் என்பது உண்மை. இந்த எளிமையிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது எல்லா நேரமும் வண்டி கியரில் இருக்கிற மாதிரிதான். நின்ற இடத்தில் வண்டியை நகர்த்த வலது கைப்பிடியைப் பிடித்து இழுத்தால், கை தானாக முறுக்கும், வண்டி பாய்ந்து எதிரில் இருக்கிற சுவரில் போய் நிற்கும். பயந்தவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார், இன்னும் பாயும். தள்ளுவதற்கு முன் சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும் என்பது ஸ்கூட்டரில் முதல் பாடம். வேவுக்கும் இது பொருந்தும், ஆனால் அதில் நியூட்ரல் என்று ஒன்று இருக்கிறது.

ஸ்கூட்டரின் இரண்டாவது குறை சக்கரம். கிளிக்கில் 14 அங்குலம், வேவில் 17 அங்குலம். நகரத் தார் ரோட்டில் வித்தியாசம் இல்லை. மோல்மீனில் மழைக்காலம் முடிந்த ரோட்டில், ஒரு பள்ளத்தில் 17 அங்குலச் சக்கரம் ஏறிப் போகும் இடத்தில் சின்னச் சக்கரம் இறங்கி முட்டும். மூன்றாவது குறை தண்ணீர். மோல்மீனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பெல்ட் பெட்டியின் காற்றுவழிக்கு மேல் தண்ணீர் நின்றால் உள்ளே இழுக்கும், பெல்ட் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. தண்ணீரில் அணைந்துபோன எந்த வண்டியையும் அங்கேயே திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரோ செல்ஃபோ போட்டுத் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட். ஸ்கூட்டர் பெல்ட்டை 20,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும். அறுந்தால் வழியில் ஒட்டுப் போட வழியில்லை.

மூன்றாவது, கை கிளட்ச். சிறு சரக்கு ஏற்றுகிறவர்கள், மலைப்பாதையில் போகிறவர்கள் வைத்திருக்கும் 125 சிசி வண்டிகள் இந்த வகை. எஞ்சின் பலத்தை நீங்களே அளந்து கொடுக்கலாம் என்பதால் சேற்றிலும் ஏற்றத்திலும் இதற்கு ஈடு இல்லை. பழகுகிறவருக்கு அதிகப்படி வேலை ஒன்றுதான்: கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கும் இடத்தை விரல் கண்டுபிடிக்க வேண்டும். ஆக்சிலேட்டர் இல்லாமலே, லீவரை ஒரு நெல் அளவு வெளியே விட்டு, வண்டி முன்னே நகரத் துடித்ததும் திரும்ப உள்ளே இழுக்க வேண்டும். இதையே இருபது முப்பது தடவை செய்தால் கைக்கு வந்துவிடும். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் லூஸ் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் தேயும், கூடினால் முழுசாகப் பிரியாமல் கியர் கரகரக்கும்.

எங்கள் தீர்ப்பு கேட்டால்: முதல் வண்டிக்கு 110 சிசி வேவ் வகை. கியர் பழக்கமும் வரும், எஞ்சின் அணையும் பயமும் இல்லை, விழுந்தாலும் ஒருவரே தூக்கிவிடலாம். கால் வலியோ மூட்டுத் தொல்லையோ உள்ளவர்கள், நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் ஸ்கூட்டர் எடுக்கட்டும். கை கிளட்ச் இரண்டாவது வண்டியாக வரட்டும், வேலைக்கு அதுவே தேவை என்றால் தவிர. மின்சார ஸ்கூட்டரும் இப்போது கூடிவருகிறது, பகானில் சுற்றுலாப் பயணிகளே வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். ஸ்கூட்டருக்குச் சொன்ன எச்சரிக்கை அதற்கு இரட்டிப்பு. சத்தமே இல்லாததால் ஆனில் இருப்பதை மறந்துவிட்டுக் கைப்பிடியைத் தொடுவார்கள்.

தாய்லாந்து வண்டியா, சீன வண்டியா

இது காசு சம்பந்தப்பட்ட கேள்வி. கொஞ்சம் ஓடிய தாய்லாந்து 110 ஒன்றும், புத்தம்புதிய சீன 125 ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே பணத்தில் கிடைத்தால், ஓடியதையே எடுக்கச் சொல்வோம். கியர் பல், வயர், ஸ்பிரிங் எல்லாம் நீடிக்கும், திரும்ப விற்றாலும் விலை போகும். பணம் அவ்வளவு இல்லை, எப்படியும் நாலு தடவை கீழே போடத்தான் போகிறோம் என்கிறவர்களுக்குச் சீன வண்டி தப்பில்லை. பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் வாங்கிய வாரமே டயரை மாற்றுங்கள். கூட வரும் டயர் பலவற்றில் ரப்பர் கடினம், சீக்கிரம் தேயாது, அதே காரணத்தால் ஈர ரோட்டில் பிடிக்காது. பழகுகிறவருக்குத் தேவை பிடிக்கிற டயர்.

ஓடிய வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று காத்திருந்து, ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை வந்து நிற்காமல் இருந்தால் எண்ணெய் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் "டக்" என்று நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால் கழுத்து பேரிங் தேய்ந்துவிட்டது, அந்த வண்டி நேராகப் போகாமல் அலையும். பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) பற்கள் ஒருபக்கமாகக் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயின் செட்டை மாற்றும் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே காகிதம். ஓனர் புக்கில் உள்ள எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எல்லை வழியாக வந்து பதிவு ஆகாத விதவுட் வண்டி விலை குறைவாகத்தான் இருக்கும். போலீஸ் பிடித்தால் வண்டி போய்விடும். ஓட்டப் பழகுகிறவர் ரோட்டில் தடுமாறி நின்று எல்லோர் கண்ணிலும் படுகிறவர், அவருக்கு இது சரிப்படாது.

பழகும் வரிசை

காலியான மைதானம், காய்ந்த தரை, ஹெல்மெட், மூடிய செருப்பு. ஹெல்மெட் வாரைக் கட்டிய பிறகு பின்பக்கத்திலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அளவு பெரிது, விழும்போது தலைக்கு முன்னால் அது போய்விடும்.

எஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பக்கமும் வட்டம் போடுவதில் ஆரம்பியுங்கள். எடை எங்கே விழுகிறது என்பது அதில்தான் தெரியும். பிறகு நடு ஸ்டாண்டில் போட்டு, உட்கார்ந்து, கீழே பார்க்காமல் நாலு கியரும் ஏற்றி இறக்குங்கள். மூன்றாவதாக முதல் கியரில் நடை வேகத்தில் பத்து மீட்டர் போய் நிறுத்துவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து. அது சீரான பிறகு இரண்டாவது கியர், வளைவு, எட்டு போடுவது. எட்டில் முன்சக்கரத்தைப் பார்த்தால் கால் ஊன்றுவீர்கள். போக வேண்டிய இடத்தைத் தலை திரும்பிப் பார்த்தால் வண்டி தானாக வரும். மெதுவாக வளையும்போது பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் வண்டி ஆடாது.

முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடிக்கும் என்று பயமுறுத்தி, பின் பிரேக் மட்டும் பழக்கிவிடுகிறார்கள். இது தவறு. பிரேக் போடும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, ஆகவே நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல் முன் பிரேக்தான் செய்கிறது. ஆபத்து முன் பிரேக்கில் அல்ல, அதை ஒரே இழுப்பில் இறுக்குவதிலும், வளைவில் இறுக்குவதிலும்தான். நேராகப் போகும்போது, இரண்டு விரலால் முதலில் தொட்டு, பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில், யோசிக்கும் ஒரு நொடியிலேயே 11 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் இன்னும் 12 மீட்டர் எடுக்கும். மொத்தம் 23 மீட்டர். 60-இல் அதுவே ஏறத்தாழ 44 மீட்டர் ஆகிவிடும். ரோட்டோரக் கல் மைலில் இருக்கும், வண்டி மீட்டர் கிலோமீட்டரில் இருக்கும். 30 மைல் என்று பலகையில் போட்டிருந்தால் மீட்டரில் 48 என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு டிரம் பிரேக் பிடிக்காது. லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும்.

ரோட்டில் இறங்கும்போது பர்மாவுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. 1970 முதல் நாம் வலதுபக்கம் போகிறோம், ஆனால் ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டீயரிங்கும் வலதுபக்கம்தான். ஒரு லாரியின் பின்னால் வருகிற கார் அதை முந்த நினைத்தால், காரின் பாதி உடல் எதிர்ப்பாதைக்கு வந்த பிறகுதான் ஓட்டுகிறவருக்கு எதிரே வரும் நீங்கள் தெரிவீர்கள். எதிரில் லாரி வரும்போது நடுக்கோட்டை ஒட்டிப் போகாதீர்கள். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சைடு ஸ்டாண்டு இடதுபக்கம். மடக்க மறந்து இடதுபக்கம் சாய்ந்து திரும்பினால் அது தரையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடும். நம் ரோட்டில் இடது திருப்பம் எதிர் வண்டிகளைக் கடந்து போகும் திருப்பம் வேறு. புது ஸ்கூட்டர்களில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடாது, பழைய வேவில் அந்த வசதி இல்லை. கிளம்பும் முன் இடது குதிகாலால் ஒரு தடவை தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. வேவ் 110-க்கு எஞ்சின் ஆயில் 0.8 லிட்டர் சுற்றி, டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எம்பி (MB) என்று போட்டது ஸ்கூட்டருக்கு. புது வண்டி என்றால் முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். செயினைக் கீழ்ப்பக்க நடுவில் மேலும் கீழும் ஆட்டினால் 2.5 முதல் 3.5 சென்டிமீட்டர் ஆட வேண்டும். ரோட்டோரம் பாட்டிலில் விற்கும் பெட்ரோலில் சில நேரம் தண்ணீர் இருக்கும். கார்புரேட்டர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இருமி இருமி நின்றால், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துவிடுங்கள், தண்ணீர் கனம் என்பதால் அடியில்தான் தங்கியிருக்கும்.

டயர் காற்று முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ, ஒருவர் மட்டும் ஓட்டும்போது. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு 40 சுற்றி வேண்டும். ஆனால் தனியாக ஓட்டுவது நன்றாகக் கைக்கு வரும் வரை ஆளும் வேண்டாம், அரிசி மூட்டையும் வேண்டாம். 50 கிலோ மூட்டை ஒன்று வண்டி எடையில் பாதி, அதுவும் பின் ஆக்ஸிலுக்கு மேலே உட்காருகிறது. முன்சக்கரம் லேசாகி, திருப்பினால் திரும்பாத மாதிரி இருக்கும். சேலையோ லுங்கியோ கட்டி ஒருபக்கமாக உட்காருகிறவரை முதலில் ஏற்றும்போது, அவர் ஏறுகிற அந்த நேரத்தில் இரண்டு காலையும் ஊன்றி முன் பிரேக்கைப் பிடித்திருங்கள். துணி நுனி சக்கரக் கம்பிக்கும் செயினுக்கும் எட்டாமல் மடியில் சொருகியாயிற்றா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.